அத்தியாயம் 6: போர்டு கேம் கடையை அமைத்து நடத்துதல்

போர்டு கேம் கடைக்கு முதலில் திட்டமிட வேண்டியது மேசை. அலமாரி, கல்லா, பெயர்ப்பலகை எல்லாம் அதற்குப் பிறகுதான். சீல் பிரிக்காத பெட்டியை யார் வேண்டுமானாலும் இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம். பல நேரம் கடை விலையைவிடக் குறைவாகவே கிடைக்கும். எதிரே உட்கார்ந்து ஆட ஓர் ஆள், விதியைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஒருவர், இரண்டு மூன்று மணி நேரம் யாரும் எழுப்பாத ஒரு நாற்காலி ஆகியவை இணையத்தில் கிடைப்பதில்லை. அவற்றைத் தரும் கடைக்கு ஆட்கள் திரும்ப வருவார்கள். வருபவர்கள் பெட்டியும் வாங்குவார்கள்.

500 முதல் 800 சதுர அடி வரை பரப்புள்ள, தமிழ்நாட்டு நகரம் ஒன்றில் ஒருவரோ இருவரோ சேர்ந்து நடத்தக்கூடிய கடையை மனத்தில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டுள்ளது.

எந்த விளையாட்டுக்கு எந்த மேசை

மேசை மேல் ஆடப்படுபவை எல்லாம் ஒரே வகை அல்ல. வகைக்கு ஏற்ப மேசையின் அளவும், சத்தமும், ஆட்ட நேரமும் மாறும்.

குடும்ப, வியூக விளையாட்டுகள் முதல் வகை. ஜெர்மனியில் 1979 முதல் ஆண்டுதோறும் வழங்கப்படும் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ விருது இந்த வகையை வளர்த்தது. 1995-இல் அந்த விருதைப் பெற்ற கிளாவ்ஸ் டாய்பரின் ‘கட்டான்’ இதை உலகெங்கும் கொண்டுபோனது. நான்கு பேர், ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், மூன்றடிச் சதுர மேசை: இதுதான் இவ்வகையின் பொதுவான தேவை.

சீட்டு சேர்த்து ஆடும் விளையாட்டுகள் இரண்டாம் வகை. 1993-இல் வந்த ரிச்சர்ட் கார்ஃபீல்டின் ‘மேஜிக்: த கேதரிங்’, 1996-இல் ஜப்பானில் தொடங்கிய ‘போக்கிமான்’ இரண்டும் இதில் அடங்கும். எதிரெதிரே இருவர் உட்கார்ந்து ஆடுவதால் நீள மேசைகளை வரிசையாகப் போட்டால் போதும்.

மூன்றாவது, கதை ஆட்டங்கள். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவற்றுக்கு முன்னோடி. கதை நடத்துபவர் ஒருவர், ஆடுபவர் நான்கைந்து பேர், மூன்று நான்கு மணி நேரம் என்று போகும். பேச்சே ஆட்டம் என்பதால் ஒதுக்குப்புறமான மேசை வேண்டும்.

நான்காவது வகை, ஒட்டி வண்ணம் பூசிய சிறு உருவங்களைப் படையாக வைத்து ஆடும் மினியேச்சர் போர் ஆட்டங்கள். ‘வார்ஹாமர் 40,000’ ஆட்டத்துக்கு 44 அங்குல அகலம், 60 அங்குல நீளம் கொண்ட பரப்பு வழக்கம். சிறிய கடை இதை முதல் ஆண்டில் தொடாமல் இருப்பது நல்லது. இடத்தையும் முதலையும் ஒருசேர முடக்கும் வகை இது.

கேரம், சதுரங்கம், தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் ஆகியவற்றை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டில் கடை போடுவது பெரிய இழப்பு. பேரப்பிள்ளையோடு கடைக்குள் வரும் பெரியவர் ‘கட்டான்’ பெட்டியைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நிற்பார். வாசலருகே ஒரு பல்லாங்குழிக் கட்டை, 14 குழியும் சோழி நிரம்பி இருந்தால், அவரே உட்கார்ந்து பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குவார். அந்த நிமிடத்திலிருந்து அது அவருடைய கடையும்கூட.

இடம் பிரித்தல்: படிப்படியாக

1. காலியான கடையின் தரையில் சுண்ணக்கட்டியால் மேசைகளை வரைந்து பார்க்கவும். தாளில் கச்சிதமாக அடங்கும் மேசை, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழும்போது அடங்காது.

2. நால்வர் மேசை ஒன்றுக்கு, நாற்காலியோடும் நடக்கும் இடத்தோடும் சேர்த்து 60 சதுர அடி ஒதுக்கவும். 600 சதுர அடிக் கடையில் ஐந்து மேசைக்கு 300, அலமாரிக்கும் அதன் முன்னால் நின்று பார்ப்பதற்கும் 120, கல்லாவுக்கு 40, சரக்கு அறைக்கு 40 போக 100 சதுர அடி மிஞ்சும். அது வாசலும் நடைவழியும்.

3. முதுகோடு முதுகாக வரும் இரு நாற்காலிகளுக்கு இடையே, ஆள் உட்கார்ந்த நிலையிலேயே, மூன்றடி வழி இருக்க வேண்டும். தீப்பிடித்தால் வெளியேற வேண்டிய வழியும் இதுவே.

4. மேசையின் உயரம் 29 அல்லது 30 அங்குலம். ஆறு பேர் ஆட இரண்டு நால்வர் மேசைகளை ஒட்டிப் போடும்படி எல்லா மேசையும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். கால் அங்குல வித்தியாசம்கூட ஆட்டப் பலகையை மடிப்பில் தூக்கிக் காட்டும்.

5. மேசைப் பரப்பில் துணி அல்லது ரப்பர் விரிப்புப் போடவும். வழவழப்பான லேமினேட் பரப்பில் சீட்டை நகத்தால் நெம்பி எடுக்க வேண்டியிருக்கும். சீட்டின் ஓரம் மடியும். பகடை உருண்டு கீழே ஓடும்.

6. வெளிச்சம் மேலிருந்து, மேசைக்கு நேராக வரட்டும். மங்கலான மஞ்சள் விளக்கு ஓட்டலுக்கு அழகு. இங்கே பச்சைக் காயும் நீலக் காயும் ஒன்றாகத் தெரியும்.

7. சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே சீட்டு மேசை வேண்டாம். ஏ.சி. இல்லாத கடையில் சுவரில் மாட்டும் ஃபேனை ஆளின் முகத்தைப் பார்த்து வைக்கலாம். மேசை மட்டத்துக்குக் காற்று இறங்கக் கூடாது.

8. கேரம் போர்டுக்குத் தனி மூலை. ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர்தான் என்றாலும் சட்டமும் நான்கு முக்காலியும் சேர்ந்தால் ஆறடிக்கு ஆறடி பிடிக்கும். ஸ்ட்ரைக்கர் சத்தமும் பவுடரும் பக்கத்து மேசைக்குப் போகாமல் ஓர் அலமாரியைத் தடுப்பாக நிறுத்தவும்.

*குறிப்பு:* வாசலில் இருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஆட்டம் நடக்கும் மேசையாக இருக்கட்டும். பெட்டிகளைக் கண்ணாடி ஜன்னலில் அடுக்கினால் ஒரே கோடையில் அட்டை வெளிறிவிடும். வெளிறிய பெட்டியை யாரும் முழு விலைக்கு வாங்கமாட்டார்கள். ஜன்னலில் காலிப் பெட்டிகளை வைப்பது வழக்கம்.

தொடக்கச் சரக்கு

புதிய கடைகள் அதிகமாகத் தவறு செய்யும் இடம் இது. விளையாட்டில் ஊறியவரே பெரும்பாலும் கடை போடுகிறார். அவர் தமக்குப் பிடித்ததை வாங்கி அடுக்குகிறார். அவருக்குப் பிடித்ததோ மூன்று மணி நேரம் ஓடும், 40 பக்க விதிப்புத்தகம் உள்ள பெட்டி. தெருவில் போகிறவர் உள்ளே வந்து கேட்பது, வீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் ஆடி முடிக்கும் ஒன்று.

கொள்முதலுக்கு இந்த வரிசை கைகொடுக்கும்:

1. 40 தலைப்புகளுக்கு மேல் தொடங்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் இரண்டு பெட்டி: ஒன்று விற்பனைக்கு, ஒன்று அது விற்ற அன்று அலமாரி காலியாகாமல் இருக்க.

2. 40-இல் 25 தலைப்புகளாவது பத்து நிமிடத்துக்குள் சொல்லிக்கொடுக்கக் கூடியவையாக இருக்கட்டும். ‘அசூல்’, ‘கார்க்கசோன்’, ‘டிக்கெட் டு ரைடு’ ஆகியவை இந்த இடத்தில் நன்றாக ஓடுபவை.

3. மொழி தேவைப்படாத பெட்டிகளுக்கு முன்னுரிமை தரவும். ‘அசூல்’ ஆட்டத்தில் 100 வண்ண ஓடுகள், ‘கார்க்கசோன்’ ஆட்டத்தில் 72 நிலத்துண்டுகள். வாசிக்க வேண்டியது எதுவும் இல்லை. ஆங்கிலம் வாசிக்காத பாட்டியும் ஆங்கிலப் பள்ளிப் பேத்தியும் சமமாக உட்கார்ந்து ஆடலாம். அதே நேரத்தில் ‘கோட்நேம்ஸ்’ முழுக்கச் சொல்லை நம்பிய ஆட்டம். கடையில் ஆடும் பிரதிக்கு, வெற்று அட்டைகளில் தமிழ்ச் சொற்களைக் கையால் எழுதி ஒரு கட்டு தயாரித்து வைத்தால், அதே ஆட்டம் எல்லோருக்கும் திறக்கும். ஒரு முறை ஆட 25 சொற்கள் போதும். சலிக்காமல் இருக்க 200 எழுதி வைக்கலாம். மலை, படி, ஆறு, கால் போல இரண்டு மூன்று பொருள் தரும் சொற்களாகத் தேர்ந்தால் ஆட்டம் சூடு பிடிக்கும்.

4. எல்லோரும் ஒரு பக்கம் நின்று ஆடும் கூட்டு ஆட்டம் ஒன்றாவது இருக்கட்டும். 2008-இல் வந்த மாட் லீகாக்கின் ‘பாண்டமிக்’ இதற்கு நல்ல தொடக்கம். தோற்றால் அழும் குழந்தை உள்ள வீடுகள் இதைத்தான் தேடுகின்றன, பெயர் தெரியாமலே.

5. நம் ஊர் விளையாட்டுகளுக்கு ஒரு முழுத் தட்டு ஒதுக்கவும். பல்லாங்குழி, தாயக்கட்டை, பரமபதம், ஆடுபுலி ஆட்டத் துணி ஆகியவற்றைத் தரமாகத் தயாரிப்பவர்கள் உண்டு. சென்னையின் ‘கிரீடா’ நிறுவனம் பல ஆண்டுகளாக இதையே செய்துவருகிறது. பரிசுப் பொருளாக இவை ஆண்டு முழுவதும் நகரும்.

6. சீட்டுப் பாக்கெட்டுகளைக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டவும். கையில் அடங்குவதால் திருட்டுப் போவதும், திறந்து ஒட்டித் திரும்பக் கொடுக்கப்படுவதும் இவைதான். பிரித்த பாக்கெட்டைத் திரும்ப எடுப்பதில்லை என்று எழுதி வைக்க வேண்டும்.

7. கூடுதல் பெட்டிகளை, அதாவது மூல விளையாட்டோடு சேர்த்தால் மட்டுமே ஆடக்கூடியவற்றை, தனித் தட்டில் வைத்து மூலப் பெட்டியும் தேவை என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டவும். ‘டிக்கெட் டு ரைடு’ ஆட்டத்துக்கு இந்திய வரைபடம் கொண்ட பெட்டி ஒன்று உண்டு. இந்தியா என்று பார்த்ததும் கை அதற்குத்தான் போகும். வீட்டில் திறந்தால் வரைபடம் இருக்கும், ரயில் இருக்காது. வாங்கியவர் ஏமாந்ததாகவே நினைப்பார். அவர் நினைப்பதில் தவறும் இல்லை.

8. முதல் மூன்று மாதங்களுக்கு எந்தப் பெட்டியும் மூன்றாவது பிரதிக்குப் போக வேண்டாம். 90 நாளில் ஒன்றுகூட விற்காத தலைப்பை ஆட்டப் பிரதியாகப் பிரித்துவிடலாம். தேங்கிய சரக்கு அலமாரியில் தூசி சேர்ப்பதைவிட மேசையில் ஆள் சேர்ப்பது மேல்.

கையிலிருக்கும் முதலில் ஆறு மாத வாடகையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியில்தான் சரக்கும் மேசையும் வாங்க வேண்டும். தேர்வுக் காலத்தில் கடை வெறிச்சோடும். அந்த மாதங்களைத் தாண்ட முடியாமல் மூடிய கடைகளே அதிகம்.

ஆட்டப் பிரதிகளைப் பராமரித்தல்

கடையில் ஆடக் கொடுக்கும் பெட்டிகள் வாரத்துக்குப் பத்து முறை திறக்கப்படும். ஒரு காய் தொலைந்தால் சில ஆட்டங்கள் அங்கேயே செத்துவிடும். இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு: சமையலறை டிஜிட்டல் தராசு.

1. புதுப் பெட்டியைப் பிரித்ததும் எல்லாக் காய்களையும் விதிப்புத்தகப் பட்டியலோடு எண்ணிச் சரிபார்க்கவும்.

2. எல்லாச் சீட்டுக்கும் ஸ்லீவ் எனும் பிளாஸ்டிக் உறை போடவும். 63-க்கு 88 மில்லிமீட்டர் சீட்டே மிகப் பரவலான அளவு. வேறு அளவுகளும் உண்டு என்பதால் அளந்துவிட்டே வாங்கவும்.

3. காய்களை வகைக்கொரு ஜிப் பையில் இட்டு, மூடியோடு சேர்த்து முழுப் பெட்டியையும் எடை போட்டு, அந்த எடையை மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டவும்.

4. ஆட்டம் முடிந்து பெட்டி திரும்பி வந்ததும் எடை போடவும். ஒரு சீட்டு ஏறக்குறைய 2 கிராம். எழுதியதற்கும் தராசுக்கும் 2 கிராம் வித்தியாசம் வந்தாலே, ஆடியவர்கள் கிளம்புவதற்கு முன் மேசைக்குக் கீழே பார்க்கச் சொல்லலாம். தொலைந்த காய் பத்துக்கு ஒன்பது முறை நாற்காலிக்கு அடியில்தான் கிடக்கும்.

‘டிக்கெட் டு ரைடு’ ரயில்கள் போன்ற மிகச் சிறிய காய்களைத் தராசு பிடிக்காது. அவற்றை வாரம் ஒரு முறை நிறவாரியாக எண்ண வேண்டும்: நிறத்துக்கு 45.

*ஈரப்பதம்:* கடலோர ஊர்களில் சீட்டு வில்லாக வளையும்; வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அட்டைப் பலகை உப்பும். பெட்டிகளைத் தரையிலிருந்து ஓரடி உயரத்திலும், வெளிச்சுவரிலிருந்து ஒரு கை தள்ளியும் வைக்கவும். ஒவ்வொரு ஆட்டப் பெட்டியிலும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்றவும். கரையான் வரும் கட்டடமா என்று வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே பக்கத்துக் கடைகளில் கேட்டுவிட வேண்டும்.

புதியவர் உள்ளே வரும்போது

நல்ல கடையை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான். தனியாக ஒருவர் கதவைத் திறந்து வருகிறார். ஐந்து மேசையிலும் ஆள். எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். யாரும் தலை நிமிரவில்லை. அவர் அலமாரியை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார், திரும்பி வருவதே இல்லை. கடைக்காரருக்கு ஒரு வாடிக்கையாளரை இழந்ததே தெரியாது. இதைத் தடுப்பது அன்றாட வேலையாக இருக்க வேண்டும். வந்த 15 நிமிடத்துக்குள் புதியவர் ஏதாவது ஒரு மேசையில் உட்கார்ந்திருப்பதை இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

1. வந்தவுடன் ஒரு வணக்கமும் ஒரு கேள்வியும்: வழக்கமாக யாரோடு ஆடுவார், எத்தனை பேர், எவ்வளவு நேரம். என்ன விளையாட்டுப் பிடிக்கும் என்று கேட்டால் புதியவர் திணறுவார். அவருக்கு மோனோபோலிக்கு மேல் பெயர் தெரியாமல் இருக்கலாம். அதை முகத்தில் காட்டாமல் இருப்பதும் வேலையின் பகுதியே.

2. வாசலருகே உள்ள ஒரு மேசை எப்போதும் புதியவருக்கானது. பழைய வாடிக்கையாளர் எவ்வளவு கெஞ்சினாலும் அதை முன்பதிவுக்குத் தரக் கூடாது.

3. அந்த மேசையில் 20 நிமிட ஆட்டம் ஒன்று பரப்பியபடியே இருக்கட்டும்.

4. ஆள் இல்லையென்றால் கடைக்காரரே எதிரே உட்கார வேண்டும். முடிந்ததும் வாங்கச் சொல்லி வற்புறுத்தத் தேவையில்லை. விலை பெட்டியில் தெரிந்தால் போதும்.

*விதி சொல்லிக்கொடுத்தல்*

விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசிப்பது பரவலான தவறு. ஐந்தாம் நிமிடத்தில் கேட்பவரின் கண் அலைபேசிக்குப் போய்விடும். சொல்ல வேண்டிய வரிசை நான்கே படிகள்: நாம் யார், எப்படி ஜெயிப்பது, ஒருவர் முறையில் என்ன செய்யலாம், ஆட்டம் எப்போது முடியும். விதிவிலக்குகளை அவை வரும்போது சொன்னால் போதும்.

‘டிக்கெட் டு ரைடு’ பெட்டியோடு உட்கார்ந்த ஒரு குடும்பத்துக்கு இந்த வரிசையில் சொன்னால் இப்படி இருக்கும்: “பாட்டி, இந்தச் சிவப்பு ரயில் எல்லாம் உங்களோடது. உங்க கையில இருக்கிற டிக்கெட்ல ரெண்டு ஊர் போட்டிருக்கு. இந்த ஊர்லேர்ந்து அந்த ஊருக்கு ரயில் விடணும், அவ்வளவுதான். உங்க முறை வந்தா மூணுல ஒண்ணு செய்யலாம். கலர் கார்டு ரெண்டு எடுக்கலாம். இல்லேன்னா, ஒரே கலர் கார்டு சேர்த்துக் குடுத்து அந்தக் கலர் தடத்துல ரயில் வைக்கலாம். இல்லேன்னா, புது டிக்கெட் வாங்கலாம். யார் கையிலயாவது ரயில் ரெண்டோ அதுக்குக் கீழயோ ஆயிடுச்சுன்னா எல்லாருக்கும் இன்னும் ஒரு முறை, அதோட ஆட்டம் முடிஞ்சுது. வாங்க, நீங்களே முதல்ல ரெண்டு கார்டு எடுங்க.” இதைச் சொல்ல ஒன்றரை நிமிடம் ஆகும். எந்த நிறக் கார்டுக்குப் பதிலாகவும் கொடுக்கக்கூடிய பலவண்ண ரயில் கார்டைப் பற்றி இங்கே ஒரு சொல்கூட இல்லை. பாட்டியின் கைக்கு அது வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

சொல்லிக்கொடுப்பவர் முதல் ஆட்டத்தில் ஜெயிப்பதற்காக ஆடக் கூடாது. புதியவர் தப்பான இடத்தில் ரயில் வைத்தால் கையைப் பிடித்துத் திருத்தவும் வேண்டாம். கேட்டால் மட்டும் சொல்லலாம். தவறான ஆட்டமும் அவருடைய ஆட்டமே.

வாராந்திர ஆட்ட நாட்கள்

சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய மிகயீல் தால் சதுரங்கக் கழகத்தில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடி வளர்ந்தார். அங்கே அதிவேக ஆட்டங்களில், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், ஜெயித்தவர் பலகையிலேயே இருக்கலாம். மீண்டும் உட்கார இடம் கிடைப்பது அரிது என்பதால் ஜெயித்தே ஆக வேண்டும். இத்தகைய சிறிய இருக்கை விதி ஒன்று ஆட்டக்காரரின் போக்கையே செதுக்கிவிடும். எனவே எந்த நாளில் எந்த விதி என்பதைக் கடைக்காரர் யோசித்து வைக்க வேண்டும். கூர்மையான ஆட்டக்காரர் கூடும் சதுரங்க மாலைக்கு ஜெயித்தவர் இருக்கும் முறை பொருந்தும். குடும்பங்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அது சரிப்படாது. அன்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆட்களைக் கலைத்து மாற்றி உட்கார வைக்கலாம்.

தொடங்கும் முறை:

1. வாரத்தில் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் மாற்றாமல் நடத்தவும். இரண்டு பேர்தான் வந்தாலும் விளக்கை அணைக்க வேண்டாம். நாளை மாற்றிக்கொண்டே இருந்தால் கூட்டம் சேராது.

2. இரண்டாவது நாளை முதல் நாள் நிரம்பிய பிறகே சேர்க்கவும். கதை ஆட்டத்துக்கு வார நாள் மாலை ஏற்றது. மற்ற மேசைகளில் சத்தம் குறைவு.

3. சீட்டுப் போட்டி நடத்துவதாக இருந்தால் எட்டுப் பேர் சேரும் ‘டிராஃப்ட்’ நல்ல தொடக்கம்: பாக்கெட்டை அங்கேயே பிரித்து, ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்தவருக்குத் தரும் முறை அது. ‘மேஜிக்’ டிராஃப்டில் ஆளுக்கு மூன்று பாக்கெட், மொத்தம் 24. ஒவ்வொருவரும் 40 சீட்டுக் கட்டு அமைப்பார்கள். சொந்தச் சீட்டு இல்லாத புதியவரும் சமமாக ஆடலாம் என்பதே இதன் சிறப்பு.

4. பரிசு சிறியதாகவும் பலருக்கும் கிடைப்பதாகவும் இருக்கட்டும். முதல் பரிசை மட்டும் பெரிதாக்கினால் அதை வெல்லும் நான்கு பேர் மட்டுமே மிஞ்சுவார்கள்.

நாற்காலிக் கட்டணம்

கனடாவின் டொராண்டோவில் 2010-இல் திறந்த ‘ஸ்நேக்ஸ் அண்ட் லாட்டேஸ்’ கடை, உட்கார்ந்து ஆடுவதற்கு ஆளுக்கு ஒரு கட்டணம் வாங்கும் முறையைப் பிரபலமாக்கியது. இங்கும் அது செல்லும். மணிக் கணக்கில் வாங்குவதைவிட அரை நாளுக்கு ஒரே தொகை என்பது நல்லது. மணி பார்த்துக்கொண்டே ஆடும்போது ஆட்டம் ருசிப்பதில்லை. பெட்டி வாங்குபவருக்கு அன்றைய கட்டணத்தைக் கழித்துக்கொடுத்தால் வாங்க ஒரு காரணமும் கிடைக்கும். புதியவரின் முதல் ஆட்டத்துக்கு எதுவும் வாங்க வேண்டாம்.

பாதுகாப்பு

1. *சிறு காய்கள்:* மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையோடு வருபவர்களை, சிறு காய் கொண்ட ஆட்டம் நடக்காத மேசையில் உட்கார வைக்கவும். காந்தம், பட்டன் பேட்டரி உள்ள பெட்டிகளை அவர்களுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவும். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, அழுகையோ வலியோ இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

2. *கேரம் பவுடர்:* போரிக் அமிலப் பவுடர் வயிற்றுக்குள் போகக் கூடாதது. கேரம் மூலையில் தின்பண்டம் வேண்டாம். கை கழுவக் குழாய் அருகில் இருக்கட்டும். மாவுச்சத்தால் ஆன பவுடர் கிடைத்தால் அதுவே மேல்.

3. *மினியேச்சர் வேலை:* ஒட்டும் பசை, வெட்டும் பிளேடு இரண்டையும் சிறுவர் கையில் பெரியவர் துணையின்றிக் கொடுக்கக் கூடாது. ஸ்ப்ரே பெயின்ட்டை மூடிய அறைக்குள் அடிக்கவே கூடாது. எளிதில் தீப்பற்றும், மூச்சையும் அடைக்கும்.

4. *மின்சாரம்:* நடைவழியில் எக்ஸ்டென்ஷன் ஒயர் ஓடக் கூடாது. அலைபேசி சார்ஜ் போட ஒரே இடத்தில் பலகை அமைக்கவும். காகிதமும் அட்டையும் நிறைந்த கடை இது. தீயணைப்புக் கருவி கல்லாவுக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

5. *சிறுவர்களும் பெண்களும்:* பெற்றோர் இல்லாமல் வரும் பிள்ளைகளின் வீட்டு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளவும். மூடிய தனி அறையில் எந்த ஆட்டமும் வேண்டாம். கல்லாவிலிருந்து எல்லா மேசையும் தெரிய வேண்டும். கெட்ட வார்த்தை, கேலி, தொந்தரவு எதையும் முதல் முறையே எழுந்து போய்த் தாழ்ந்த குரலில் நிறுத்தவும். தொடர்ந்தால் அவரை வெளியே அனுப்பியே ஆக வேண்டும், அவர் எவ்வளவு வாங்குபவராக இருந்தாலும். சுத்தமான, தாழ்ப்பாள் சரியாக விழும் கழிப்பறை இல்லாத கடைக்குப் பெண்களும் குடும்பங்களும் இரண்டாம் முறை வருவதில்லை.

6. *பணம் வைத்து ஆடுதல்:* எந்த மேசையிலும், எந்த ஆட்டத்திலும், பத்து ரூபாய்கூடக் கூடாது. சென்னை போன்ற மாநகரங்களில் 1888-ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டமும், பிற இடங்களில் 1930-ஆம் ஆண்டு தமிழ்நாடு சூதாட்டச் சட்டமும் சூதாட்ட இடம் வைத்திருப்பதைக் குற்றமாக்குகின்றன. போலீஸ் வந்தால் கடைக்காரரே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி வைப்பது நல்லது. அக்கம்பக்கத்தாரின் சந்தேகத்தையும் அது தீர்க்கும்.

பதிவும் பில்லும்

பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். நாற்காலிக் கட்டணம் சேவை என்பதால், அதை வாங்கும் கடைக்கு அந்த வரம்பு 20 லட்சமாகக் குறைகிறது. தேநீர் விற்றாலே உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவை. 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், குழந்தைகளுக்கான பெட்டிகளை வாங்கும்போது அதைப் பார்க்கவும். இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. ஸ்டிக்கர் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து நண்பர் சூட்கேஸில் கொண்டுவந்த பெட்டிகளை விற்பனைக்கு அடுக்கக் கூடாது. அவற்றை ஆட்டப் பிரதியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கடை சாத்தும் நேரம்

1. சாத்துவதற்கு 45 நிமிடம் முன்பு எல்லா மேசைக்கும் போய்ச் சொல்லவும். அதற்குப் பிறகு புதிய பெட்டி எதையும் பிரித்துக் கொடுக்க வேண்டாம்.

2. திரும்பிய பெட்டிகளை எடை போட்டு அலமாரியில் வைக்கவும். குறை உள்ளதைத் தனியே எடுத்து, என்ன குறை என்று சீட்டில் எழுதி மூடியில் செருகவும்.

3. விரிப்புகளை உதறி, ஈரத்துணியால் துடைத்து, காய விடவும். தின்பண்டத் துணுக்கு இருந்தால் எறும்பும் கரப்பானும் அன்றிரவே வரும்.

4. எல்லா நாற்காலியையும் இழுத்துத் தரையைப் பெருக்கவும். பெருக்கியதைக் குப்பைத் தொட்டியில் கொட்டுவதற்கு முன் ஒரு தட்டில் பரப்பிப் பார்க்கவும். பகடை, காய், சோழி எல்லாம் அதில் இருக்கும்.

5. அன்று யார் புதிதாக வந்தார், எந்த ஆட்டம் ஆடினார், எந்த நாள் வருவதாகச் சொன்னார் என்று நோட்டில் ஒரு வரி எழுதவும்.

6. வாசலருகே உள்ள மேசையில் மறுநாளுக்கான ஆட்டத்தைப் பரப்பி, துணியால் மூடிவிட்டு ஷட்டரை இறக்கவும்.